'டெஃபினிட்லி' என்று எப்போது சொல்லலாம்? உறுதியையும் முழுமையையும் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், பாகூர், அரியாங்குப்பம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், புதுச்சேரி ஓட்டல்களில் வரவேற்பில் நிற்பவர்கள், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவ வேண்டும் என்று வரும் அம்மாக்கள். நன்றாகப் பேச வந்தவர்கள்கூடத் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. 'நிச்சயம்', 'முழுசா', 'விடமாட்டேன்' என்று ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் அது. அகராதியைத் திறந்தால் பத்துச் சொல்லுக்கும் 'முற்றிலும்', 'நிச்சயமாக' என்று ஒரே பொருள்தான் போட்டிருக்கும். வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

'கட்டாயம் வர்றேன்' என்பதற்கு 'ஐ வில் கம்பல்சரி கம்' என்று சொல்லலாமா?

வேண்டாம். 'கம்பல்சரி' என்பது சட்டமோ விதியோ நம்மேல் போடும் கட்டாயம். ஹெல்மெட் கம்பல்சரி, பத்தாம் வகுப்பில் தமிழ் கம்பல்சரி. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவரிடம் அதைச் சொன்னால், யாரோ பிடித்துத் தள்ளுவதால் வருகிறேன் என்பது போல ஆகிவிடும். 'ஐ வில் டெஃபினிட்லி கம்' போதும்.

ஆனால் இந்த இடத்தில் சொல்லை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் 'கண்டிப்பா வர்றேன்' என்பது எல்லா நேரமும் வாக்குறுதி அல்ல. பத்திரிகை வைக்க வந்தவர் முகத்துக்கு நேரே 'பார்க்கிறேன்' என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதனால் 'கண்டிப்பா வந்துடறோம், நீங்க கவலைப்படாதீங்க' என்கிறோம். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும், அது அன்பின் பேச்சு. வரவில்லை என்றால் யாரும் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. வேலை விஷயமாக எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் இந்தப் புரிதல் கிடையாது. அங்கே 'டெஃபினிட்லி' என்று எழுதினால் அது கணக்கில் ஏறிவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதம் எழுதும் வேலை பார்த்தேன். 'வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடும்னு எழுதிடும்மா' என்றார் முதலாளி. அவர் குரலில் இருந்தது 'பார்த்துக்கலாம்' என்ற தொனி. நான் எழுதியது 'யூ வில் டெஃபினிட்லி ரிசீவ் இட் பை ஃப்ரைடே'. எதிர்முனையில் இருந்தவர்கள் அதை நம்பி வெள்ளிக்கிழமைக்கு ஆளும் வண்டியும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். சரக்கு போய்ச் சேர்ந்தது அடுத்த புதன்கிழமை. அவர்கள் திட்டவில்லை. காலியாக நின்ற வண்டிக்கும் ஆளுக்கும் ஆன செலவைக் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து நான் அந்தச் சொல்லை எண்ணித்தான் செலவு செய்கிறேன். உறுதி இல்லாத இடத்தில் 'வீ எக்ஸ்பெக்ட் டு', 'வீ ஹோப் டு' என்று எழுதுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

டெஃபினிட்லி, சர்டன்லி, ஷ்யூர்லி மூன்றும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வித்தியாசம் தானாகப் புரியும்.

'டெஃபினிட்' என்பதற்குள் இருப்பது லத்தீனின் 'ஃபினிஸ்', அதாவது எல்லை. நாலு பக்கமும் கல் நட்டு, இதுதான் என் மனை என்று காட்டுவது போன்ற சொல். 'ஃபினிஷ்', 'ஃபைனல்' எல்லாம் அதே குடும்பம். அதனால் 'எ டெஃபினிட் ஆன்சர்' என்றால் இப்படியும் அப்படியும் இல்லாத, வரம்பு தெரிந்த பதில். தமிழில் 'திட்டவட்டமாக' என்கிறோமே, அது.

'சர்டன்' வேறு வழியில் வந்தது. லத்தீனில் 'செர்னெரே' என்றால் சலித்துப் பிரிப்பது. மாவைச் சல்லடையில் போட்டுக் கப்பியை எடுத்த பிறகு தட்டில் நிற்பது எதுவோ அதுதான் 'சர்டன்'. 'சர்டிஃபிகேட்' இதன் உறவு. ஆராய்ந்து பார்த்து வந்த நிச்சயம் என்பதால் கொஞ்சம் கம்பீரமான சொல். ஓட்டலில் விருந்தினர் 'தண்ணீர் கொண்டுவர முடியுமா' என்று கேட்டால் 'சர்டன்லி, சார்' என்பது அழகான பதில்.

'ஷ்யூர்' லத்தீனின் 'செக்யூருஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. 'சே' என்றால் இல்லாமல், 'கூரா' என்றால் கவலை. கவலை இல்லாதது. 'செக்யூர்' என்பதும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

ஆனால் 'ஷ்யூர்லி' என்று நீட்டியதும் விஷயம் மாறிவிடுகிறது. 'ஷ்யூர்லி யூ நோ ஹிம்' என்றால் 'உங்களுக்கு அவரை நிச்சயம் தெரியும்' என்ற செய்தி அல்ல. 'உங்களுக்கு அவரைத் தெரியாமலா இருக்கும்?' என்ற வியப்பு. பேசுபவருக்கே கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, எதிரில் இருப்பவர் ஆமோதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். 'ஐ வில் ஷ்யூர்லி கம்' என்று நாம் எழுதுவது இந்தியாவில் பழகிவிட்டது, தவறென்று சொல்லமாட்டேன். வெளிநாட்டுக் காதுக்கு அது கொஞ்சம் பழைய காலத்துப் பேச்சாகக் கேட்கும்.

'ஆஃப் கோர்ஸ்' சொன்னால் மரியாதையா, திமிரா?

இடத்தைப் பொறுத்தது. யாராவது உதவி கேட்டால் 'ஆஃப் கோர்ஸ்' என்பது மனமுவந்த பதில், 'தாராளமா' என்பது போல. ஆனால் 'சில்வர் பீச் எங்கே இருக்கிறது தெரியுமா?' என்று கேட்பவரிடம் 'ஆஃப் கோர்ஸ்' என்றால், 'இதுகூடத் தெரியாதா எனக்கு' என்று முறைத்தது போல ஆகும். தகவல் கேட்டால் 'யெஸ்', உதவி கேட்டால் 'ஆஃப் கோர்ஸ்'.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள். அங்கே கற்ற சொற்களை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவரலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன், ஏனென்றால் இதற்காகவே நானும் கொஞ்சம் பிரெஞ்சைப் புரட்ட வேண்டியிருந்தது. உறுதியைச் சொல்லும் சொற்களில்தான் இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று காலை வாரிவிடுகின்றன.

பிரெஞ்சில் 'சான் தூத்' என்பதைப் பிரித்தால் 'சந்தேகமின்றி'. ஆனால் இன்றைய பிரெஞ்சுக்காரர் அதைச் சொன்னால் 'அநேகமாக' என்றுதான் பொருள். உண்மையிலேயே சந்தேகம் இல்லை என்றால் நடுவில் 'எந்த' என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்து, 'எந்தச் சந்தேகமும் இன்றி' என்று நீட்டுவார்கள். அதை மறந்துவிட்டு ஆங்கிலத்தில் 'வித்தவுட் டவுட்' என்று எழுதினால், அநேகமாக என்று நினைத்தது சத்தியமாக மாறிவிடும். 'ஸ்யூர்மான்' என்பதும் பல இடத்தில் 'இருக்கலாம்' என்ற அளவுக்குத்தான் நிற்கும்.

'தெஃபினிதிவ்மான்' இன்னொரு பொறி. 'அவர் பாரீசுக்கு தெஃபினிதிவ்மான் போய்விட்டார்' என்றால் நிச்சயமாகப் போனார் என்று அர்த்தமில்லை, 'ஒரேயடியாக, இனித் திரும்பாமல் போய்விட்டார்' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதற்கு 'ஃபார் குட்' என்பார்கள். குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில் இருக்கும் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

நல்லவேளை, 'அப்சொல்யுமான்' இரண்டு மொழியிலும் ஒன்றேதான். அதைக் கவலையில்லாமல் எடுத்து வரலாம்.

'வெரி' போதாதா? 'அப்சொல்யூட்லி' எதற்கு?

தமிழிலேயே யோசியுங்கள். 'ரொம்பப் பசி' சொல்வோம். 'ரொம்பக் கொலைப்பசி' என்று யாராவது சொல்வார்களா? 'ரொம்ப இருட்டு' உண்டு, 'ரொம்பக் கும்மிருட்டு' இல்லை. கொலைப்பசி, கும்மிருட்டு இரண்டிலும் 'ரொம்ப' ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'டயர்ட்' என்றால் சோர்வு, கூடும் குறையும், அதனால் 'வெரி டயர்ட்'. 'எக்சாஸ்டட்' என்றால் சோர்வின் கடைசிப் படி. அதற்கு மேல் ஏற இடமில்லை, எனவே 'அப்சொல்யூட்லி எக்சாஸ்டட்'. அதேபோல 'வெரி பிக்', ஆனால் 'அப்சொல்யூட்லி எனார்மஸ்'. 'வெரி பேட்', ஆனால் 'அப்சொல்யூட்லி டெரிபிள்'. 'வெரி இம்பாசிபிள்' என்று எழுதுகிறார்கள், அது கூடாது. முடியாதது முடியாததுதான், அதில் கொஞ்சம் முடியாதது, நிறைய முடியாதது என்று கிடையாது.

'க்வைட்' என்ற சொல் ஒரு சமயம் 'ஓரளவு', ஒரு சமயம் 'முழுக்க' என்று வருகிறதே?

ஆமாம், இரண்டும் சரி. முந்தைய பதிலில் சொன்ன அதே பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடிக் குறையும் சொல்லோடு வந்தால் பிரிட்டிஷ் வழக்கில் 'ஓரளவு'. 'க்வைட் குட்' என்றால் பரவாயில்லை ரகம். கடைசிப் படியில் நிற்கும் சொல்லோடு வந்தால் 'முழுக்க'. 'க்வைட் இம்பாசிபிள்', 'க்வைட் ரைட்'. அமெரிக்கர் 'க்வைட் குட்' என்று சொன்னால் பெரும்பாலும் நிஜமான பாராட்டு. மேலதிகாரி எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துச் சந்தோஷப்படுங்கள்.

அட்டர், ஷியர், டவுன்ரைட், அவுட்ரைட்: இவற்றில் எதை எங்கே போடுவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் இதற்குத் தமிழில் இருக்கும் செல்வம் கொஞ்சநஞ்சமல்ல, நம் பிள்ளைகள் அதை மறந்துவிட்டு ஆங்கிலப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள்.

'வடிகட்டின முட்டாள்' என்கிறோம். அறிவு சிறிதும் கலக்காமல் வடித்து எடுத்த சுத்தமான முட்டாள்தனம். 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்கிறோம். மோரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்வது போல, அயோக்கியத்தனமே திரண்டு வந்தவன். 'பச்சைப் பொய்', 'அப்பட்டமான பொய்', 'சுத்த மோசம்'. இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. 'வடிகட்டின பொய்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதை நாம் இலக்கணப் புத்தகத்தில் படிக்கவில்லை. பாட்டி திட்டும்போதும் பக்கத்து வீட்டுச் சண்டையிலும் கேட்டுக் கற்றோம்.

ஆங்கிலமும் அப்படியே. 'அட்டர்' பழைய ஆங்கிலத்தில் 'வெளிப்புறமான' என்ற சொல்லிலிருந்து வந்தது. போய்ப் போய்க் கடைசி விளிம்பு வரைக்கும் போன நிலை. அது பெரும்பாலும் கெட்டதோடு சேரும்: 'அட்டர் நான்சென்ஸ்', 'அட்டர் ஃபெயிலியர்'. 'டவுன்ரைட்' பொய்யோடும் முரட்டுத்தனத்தோடும் போகும். பச்சைப் பொய் என்றால் 'எ டவுன்ரைட் லை'. 'அவுட்ரைட்' மறுப்புக்கும் வெற்றிக்கும் பொருந்தும்: 'அவுட்ரைட் ரெஃப்யூசல்', 'அவுட்ரைட் வின்னர்'. 'ஷியர்' கொஞ்சம் தனி. வேறு எதுவும் கலக்கவில்லை, இது ஒன்றாலேயே நடந்தது என்று காட்டும். 'ஷியர் லக்' என்றால் வெறும் அதிர்ஷ்டம், 'ஷியர் ஹார்ட் வொர்க்' என்றால் உழைப்பு ஒன்றே காரணம்.

அப்புறம் இன்னொரு வகை. புத்தம் புதிது, பட்டப் பகல், நட்ட நடு, வெட்ட வெளி. முதல் சொல்லின் வேலையே இரண்டாவதை அதன் உச்சிக்குக் கொண்டு போவதுதான். ஆங்கிலத்தில் புத்தம் புதிதுக்கு 'பிராண்ட் நியூ', பட்டப் பகலுக்கு 'பிராட் டேலைட்', கும்மிருட்டுக்கு 'பிட்ச் டார்க்', நட்ட நடுவுக்கு 'டெட் சென்டர்', அயர்ந்த தூக்கத்துக்கு 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. இந்த 'ஃபாஸ்ட்' வேகம் அல்ல, 'இறுகப் பிடித்த' என்ற பழைய பொருள். வகுப்பில் இந்த ஜோடிகளைத் தமிழையும் ஆங்கிலத்தையும் அருகருகே எழுதச் சொல்வேன். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும், யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

கம்ப்ளீட்லி, டோட்டலி, தரோலி?

முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. 'கம்ப்ளீட்' லத்தீனில் 'நிரப்புவது'. நாம் படிவத்தைப் 'பூர்த்தி' செய்கிறோமே, அந்த வடசொல்லும் நிரப்புவதுதான். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தூரத்து உறவு அது. தமிழின் 'நிறைவு' வேறு குடும்பம், ஆனால் அதுவும் நிறைப்பதிலிருந்தே வந்தது. 'டோட்டலி' பேச்சில் அதிகம். 'தரோ' என்பது 'த்ரூ' என்ற சொல்லின் இன்னொரு வடிவம்தான், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவது. அதனால் தேடுவது, கழுவுவது, படிப்பது போன்ற வேலைக்குத்தான் 'தரோலி'. 'ஐ தரோலி செக்ட் த பில்' என்றால் ஒரு வரி விடாமல் பார்த்தேன் என்று பொருள்.

பத்திரிகை வேலைக்குப் போக நினைக்கும் ஒரு மாணவன் 'கம்ப்ளீட்லி டெஸ்ட்ராய்ட்' சரியா என்று கேட்டான். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. அன்று பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். 'டேமேஜ்' என்றால் சேதம். அதில் பகுதி சேதம் உண்டு, முழு சேதம் உண்டு. நிவாரணக் கணக்கில் குடிசைகளை அப்படித்தான் பிரித்து எழுதுவார்கள். 'டெஸ்ட்ராய்' என்றால் எதுவும் மிஞ்சவில்லை. எனவே 'கம்ப்ளீட்லி டேமேஜ்ட்' தேவையான சொல், 'கம்ப்ளீட்லி டெஸ்ட்ராய்ட்' வெறும் அழுத்தம். எழுதினால் குற்றமில்லை, விட்டாலும் பொருள் குறையாது.

'அப்சொல்யூட் சேல் டீட்', 'அப்சொல்யூட் மெஜாரிட்டி' என்பதில் 'அப்சொல்யூட்' ஏன் வருகிறது?

'அப்சொல்யூட்' என்றால் அவிழ்த்து விடப்பட்டது. லத்தீனில் 'சால்வெரே', அதாவது முடிச்சை அவிழ்ப்பது. எந்த நிபந்தனையாலும் கட்டப்படாதது எதுவோ அது அப்சொல்யூட். வீட்டை அடமானம் வைத்தால் கயிறு இன்னும் நம் கையில். சுத்தக் கிரயம் செய்து கொடுத்துவிட்டால் கயிறு அறுந்துவிட்டது. அதுதான் 'அப்சொல்யூட் சேல்'. நம் பத்திர எழுத்தர்கள் இதை 'அறுதிக் கிரயம்' என்றும் எழுதுவார்கள். அறுதி என்பது 'அறு' என்ற வினையிலிருந்து வந்தது. 'அறுதிப் பெரும்பான்மை'யும் அப்படியே. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 118 இருந்தால் யார் தயவும் வேண்டாம்.

இதில் என்னை வியக்க வைப்பது ஒன்று. ஆங்கிலத்தில் 'சால்வ்', 'சொல்யூஷன்', 'ரிசால்வ்', 'ரெசொல்யூஷன்', 'அப்சொல்யூட்' எல்லாம் அவிழ்ப்பது என்ற ஒரே வேரில் கிளைத்தவை. தமிழில் 'தீர்' என்ற வேரைப் பாருங்கள். சிக்கல் தீர்வது, தீர்வு, தீர்ப்பு, தீர்மானம். சட்டமன்றத்தில் நிறைவேற்றும் 'ரெசொல்யூஷன்' நமக்குத் 'தீர்மானம்'. ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிகள், சிக்கல் ஒழிந்த இடத்தில்தான் உறுதி பிறக்கிறது என்று தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. 'டிசைட்' என்பதன் லத்தீன் வேருக்கும் 'வெட்டி எறிவது' என்றுதான் பொருள். நம் 'அறுதியிட்டுச் சொல்வது' அதன் நேர் இணை.

'யுனானிமஸ்' என்பதும் 'ஓவர்வெல்மிங்' என்பதும் ஒன்றா?

இல்லை. புதுச்சேரி வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு இணைவதா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. இது 'ஓவர்வெல்மிங் மெஜாரிட்டி'. 'யுனானிமஸ்' என்றால் ஒரே மனம், நம் 'ஒருமனதாக' என்பதன் அச்சு அசல். அந்த எட்டுப் பேர் இருக்கும்வரை அந்தச் சொல்லை எழுத முடியாது. தேர்வுத்தாளில் ஒரு பெண் 'ஆல்மோஸ்ட் யுனானிமஸ்' என்று எழுதியிருந்தாள். அதை நான் அடிக்கவில்லை, 'கிட்டத்தட்ட ஒருமனதாக' என்று நாமும் சொல்கிறோமே.

டிட்டர்மின்ட், ஸ்டபர்ன், அடமன்ட், ரெசொல்யூட்: எல்லாமே பிடிவாதம்தானா?

தமிழில் அடம், பிடிவாதம், விடாப்பிடி, மன உறுதி, வைராக்கியம் என்று படிப்படியாக ஏறுகிறோம். கடைத்தெருவில் பொம்மைக்காகப் புரளும் குழந்தை செய்வது அடம். அதை வைராக்கியம் என்று சொல்லமாட்டோம். ஆங்கிலத்திலும் படிகள் உண்டு.

'ஸ்டபர்ன்' குறை சொல்வது. காரணம் காட்டினாலும் மாறமாட்டான். 'அடமன்ட்' இருக்கும் இடம் நடுவில். ஒற்றைக் காலில் நிற்கிறார், அவ்வளவுதான், நல்லதா கெட்டதா என்று சொல் தீர்ப்புச் சொல்லவில்லை. கிரேக்கத்தில் அதன் மூலம் 'வெல்ல முடியாதது', 'டைமண்ட்' என்ற சொல் பிறந்ததும் அதிலிருந்துதான். நாமும் முதிர்ந்த மரத்தை 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோம். (வைராக்கியம் என்ற சொல்லுக்கும் வைரத்துக்கும் தொடர்பு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேறு, பற்று நீங்கிய நிலையைக் குறிக்கும் வடசொல்.) 'டிட்டர்மின்ட்' பாராட்டு. போக வேண்டிய எல்லையைக் குறித்துக்கொண்டவர். அதன் உள்ளே 'டெர்மினஸ்' இருக்கிறது, நம் பேருந்து போய் நிற்கிற அதே டெர்மினஸ்.

'ரெசொல்யூட்' இவற்றில் உயரமான சொல், எல்லோருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டால் கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாளைச் சொல்வேன். 1927இல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலப் படை அதிகாரி நீலனின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் சின்னப் பெண்ணான தன் மகளையும் அழைத்துக்கொண்டு சிறை சென்றவர். பின்னால் ஒரு முறை கர்ப்பிணியாகச் சிறையில் இருந்தவர், பிரசவத்துக்காக வெளியே வந்து, கைக்குழந்தையோடு மீண்டும் சிறைக்குத் திரும்பினார். காந்தி கடலூர் வந்தபோது இவரைச் சந்திக்க ஆங்கில அரசு தடை போட்டது. இவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ச் சந்தித்தார். இவரை 'ஸ்டபர்ன்' என்று எழுதினால் அது ஆங்கிலத் தவறு மட்டுமல்ல. 'ரெசொல்யூட்' அல்லது 'ஸ்டெட்ஃபாஸ்ட்'. இரண்டாவது சொல் பழைய ஆங்கிலம்: 'ஸ்டெட்' என்றால் இடம், 'ஃபாஸ்ட்' என்றால் இறுகப் பிடித்த. நின்ற இடத்திலிருந்து நகராதவர்.

'ஐ ஷல்' சொன்னால் உறுதி அதிகமா, 'ஐ வில்' சொன்னால் அதிகமா?

பழைய இலக்கணப் பாடத்தில் 'ஐ ஷல்' சாதாரணம், 'ஐ வில்' உறுதி, 'யூ' வந்தால் தலைகீழ் என்று இருந்தது. என் அப்பா காலத்தில் இதற்கு மார்க் உண்டு. இன்று பேச்சில் அந்த வேறுபாடு போய்விட்டது, 'வில்' போதும், அழுத்த வேண்டுமானால் குரலில் அழுத்துங்கள். ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் 'ஷல்' என்றால் 'செய்தே ஆக வேண்டும்'. வாடகை ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் இரண்டு முறை படியுங்கள்.

'நாட்' எங்கே வைத்தாலும் ஒன்றுதானே?

இடம் மாறினால் பொருள் மாறும். 'ஐ கம்ப்ளீட்லி டிஸக்ரீ' என்றால் துளியும் ஏற்கவில்லை. 'ஐ டோன்ட் கம்ப்ளீட்லி அக்ரீ' என்றால் பாதியை ஏற்கிறேன். நாமும் 'முழுசா மறுக்கிறேன்', 'முழுசா ஒத்துக்கலை' என்று வேறுபடுத்துகிறோம். 'அப்சொல்யூட்லி நாட்' என்றால் கதவை அடைத்தாயிற்று. 'நாட் அப்சொல்யூட்லி' என்றால் கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது.

செய்தியில் 'லைக்லி', 'வெரி லைக்லி' என்கிறார்களே, எவ்வளவு நிச்சயம்?

பேச்சில் அதற்கு அளவு கிடையாது. ஆனால் அறிவியலில் சிலர் அளவு வைத்திருக்கிறார்கள். ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு தன் அறிக்கைகளில் 'லைக்லி' என்று எழுதினால் குறைந்தது 66 சதவீத வாய்ப்பு, 'வெரி லைக்லி' என்றால் 90, 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்றால் 95, 'விர்ச்சுவலி சர்டன்' என்றால் 99. நூறு சதவீதத்துக்கு அருகில் வந்த பிறகும் 'விர்ச்சுவலி' என்ற ஒரு சொல்லை முன்னால் வைக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும் இதே யோசனைதான். 1 முதல் 11 வரை எண் இருக்கிறது. தேவனாம்பட்டினத்து மீனவருக்கு 'புயல் வரலாம்', 'புயல் நிச்சயம்' என்ற வார்த்தை வேண்டாம், எண் போதும், படகைக் கரையேற்றிவிடுவார்.

'டெஃபினிட்லி' எழுதும்போது எப்போதும் எழுத்துப்பிழை வருகிறது. வழி உண்டா?

உண்டு. அந்தச் சொல்லுக்குள் 'ஃபைனைட்' என்ற சொல் முழுதாக ஒளிந்திருக்கிறது, எல்லை உடையது என்று பொருள். அதை முதலில் எழுதுங்கள். முன்னால் 'டி, ஈ' இரண்டு எழுத்து, பின்னால் 'எல், ஒய்' இரண்டு எழுத்து. 'ஏ' என்ற எழுத்துக்கு அதில் இடமே இல்லை. சொல்லும்போது 'டெஃபனட்லி' போலத்தான் ஒலிக்கும், அதை நம்பி எழுதினால்தான் பிழை வருகிறது.

அப்படியே 'டவுட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' ஏன் என்றும் கேட்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலத்தில் இருந்தது என்று படித்தவர்கள் பிற்பாடு எழுத்தில் மட்டும் சேர்த்துவிட்டார்கள், நாக்கு அதை ஏற்கவில்லை. லத்தீனில் அது 'இரண்டு' என்ற எண்ணோடு தொடர்புடைய சொல். இரண்டு மனசாக இருப்பதுதான் சந்தேகம் என்று அம்மாக்கள் வரிசையிலிருந்து ஒருவர் உடனே சொன்னார். அன்று அவர் நோட்டில் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார், 'பி'யின் மேல் ஒரு சின்ன வட்டமும் போட்டு.